(ஆளுநரின் ஆணைப்படி)

நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் காத்திருந்து படித்த ஒரே எழுத்து, அகவிலைப்படி உயர்வு அரசாணை. அப்பாவுக்குக் கோட்டையில், அதாவது தலைமைச் செயலகத்தில் வேலை. அரசாணை வந்த அன்று சைக்ளோஸ்டைல் செய்த நகல் ஒன்றை நாலாக மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவருவார். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நிற்பாள். எத்தனை சதவீதம், எந்த மாதத்திலிருந்து, நிலுவைத் தொகை கையில் வருமா அல்லது பி.எஃப். கணக்கில் போய்விடுமா? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் காகிதம் என்னிடம் வந்துவிடும், பின்பக்கம் கணக்குப் போட.

ஒருமுறை முன்பக்கத்தையும் படித்துப் பார்த்தேன். அப்போது ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ. முழுக்க ஆங்கிலம். எல்லாம் முடிந்து அடியில், அடைப்புக்குறிக்குள் பெரிய எழுத்தில், ‘பை ஆர்டர் ஆஃப் தி கவர்னர்’ என்றிருந்தது. இப்போதைய அரசாணைகளில் அதே இடத்தில் ‘(ஆளுநரின் ஆணைப்படி)’ என்று இருக்கும். கீழே துறைச் செயலாளரின் பெயர், அப்புறம் பெறுநர் பட்டியல், கடைசியில் ‘ஆணைப்படி அனுப்பப்படுகிறது’ என்று போட்டுப் பிரிவு அலுவலரின் கையெழுத்து.

“அப்பா, எம்.ஜி.ஆர். ஏத்தினாருன்னுதானே பேப்பர்ல போட்டிருக்கு? இதுல கவர்னர்னு இருக்கே?”

“கவர்னரே நாளைக்குப் பேப்பர்ல பார்த்துத்தான்மா தெரிஞ்சுக்குவார்” என்றார் அப்பா.

வழக்கமான கிண்டல் என்றுதான் நினைத்தேன். பிற்பாடு அரசியல் சாசனத்தைப் புரட்டியபோதுதான் அப்பா அன்று 166ஆவது பிரிவுக்கு உரை சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. மாநில அரசு செய்கிற எந்தக் காரியமும் ஆளுநர் பெயரில்தான் வெளிவர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. மத்தியில் இதே வேலையைக் குடியரசுத் தலைவர் பெயரில் செய்யச் சொல்வது 77ஆவது பிரிவு. ஆனால் 163ஆவது பிரிவையும் 74ஆவது பிரிவையும் சேர்த்துப் படித்தால், அந்த இருவரும் அமைச்சர்கள் சொல்கிறபடி நடக்க வேண்டியவர்கள். பெயர் ஒருவருடையது, முடிவு இன்னொருவருடையது. ‘ஆலோசனை’ என்றுதான் சாசனம் எழுதியிருக்கிறது. நம் வீடுகளில் கல்யாணத்துக்குத் தாத்தா பெயரில் பத்திரிகை அடிப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி.

அந்த இன்னொருவர் யார் என்பதும் அவ்வளவு லேசான கேள்வியில்லை. அகவிலைப்படி மாதிரி ஒரு விஷயம் முதல்வர் வரை போகும். பெரும்பாலான கோப்புகள் அமைச்சரையே எட்டுவதில்லை. உதவிப் பிரிவு அலுவலர் குறிப்பு எழுதி வைப்பார். அது பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என்று படியேறும். காசு சம்பந்தப்பட்டது என்றால் நிதித்துறைக்கு ஒரு நடை போய், அங்கே நாலு கேள்வியை வாங்கிக்கொண்டு திரும்பும். எந்தக் கோப்பு எந்தப் படியில் நிற்கலாம், எது அமைச்சருக்குப் போக வேண்டும், எது முதல்வருக்கு, எது அமைச்சரவைக் கூட்டத்துக்கு என்பதையெல்லாம் அலுவல் விதிகள் சொல்கின்றன. மத்திய அரசில் இதற்கு 1961ஆம் ஆண்டு விதிகள் இரண்டு உண்டு. எந்தப் பொருள் எந்த அமைச்சகத்துக்கு என்று பங்கு பிரிப்பது ஒன்று, அதை எப்படி நடத்துவது என்பது மற்றொன்று. விதிப்படி கீழே ஓர் அதிகாரி எடுக்கும் முடிவும் அரசின் முடிவுதான் என்று 1974இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, ஆளுநர் பெயருக்கு மட்டும்தானா? இல்லை. அவர் தானாகவே யோசித்தாக வேண்டிய நாள் ஒன்று வரும். ஆலோசனை சொல்ல அமைச்சரவையே இல்லாத நாள். தேர்தல் முடிந்திருக்கிறது, யாருக்கும் பெரும்பான்மை இல்லை. யாரைக் கூப்பிடுவது?

குடியரசு இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலிலேயே இந்தக் கேள்வி சென்னையில் வந்து நின்றது. 1952இல் சென்னை மாநிலம் என்றால் ஆந்திரப் பகுதியும் மலபாரும் சேர்ந்தது. சட்டமன்றத்தில் 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். கம்யூனிஸ்டுகள் 62 இடங்களைப் பிடித்திருந்தார்கள். எதிர்க்கட்சிகள் கூடி ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று ஒன்றை அமைத்து, தங்குதுரி பிரகாசத்தைத் தலைவராக்கி, தங்கள் பக்கம் 166 பேர் இருப்பதாக ஆளுநரிடம் சொன்னார்கள். 152ஐவிட 166 அதிகம். ஆனால் பாதியைத் தாண்ட 188 வேண்டும். இரண்டு பக்கமும் அது இல்லை.

ஆளுநர் ஸ்ரீபிரகாசா கூப்பிட்டது ராஜாஜியை. அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. கவர்னர் ஜெனரலாகவும் மத்திய உள்துறை அமைச்சராகவும் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தவர். அவரைச் சட்ட மேலவைக்கு நியமன உறுப்பினராக்கினார்கள். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூக சேவை ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள் அவை. ராஜாஜிக்கு இலக்கியத் தகுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த இடம் அவருக்கு இலக்கியத்துக்காகத்தான் கிடைத்தது என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஏப்ரல் 10ஆம் தேதி முதலமைச்சரானார். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. வட மாவட்ட வன்னியர்களிடையே செல்வாக்குள்ள காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். வெளியே நின்றவர்களில் பலர் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஜூலை 3ஆம் தேதி சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 200, எதிர்ப்பு 151. மூன்றே மாதத்தில் 152 இருநூறாகிவிட்டது! பெரும்பான்மை இருப்பவரைக் கூப்பிடுவார்கள் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். கூப்பிடப்பட்டவருக்குப் பெரும்பான்மை வந்து சேரும் என்பதும் உண்மை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுக்க இலாகா இருக்கிறது. எதிரே இருப்பவரிடம் வாக்குறுதிதான் இருக்கிறது. அதனால்தான் முதலில் யாரைக் கூப்பிடுவது என்பதில் இத்தனை சண்டை. ஸ்ரீபிரகாசா செய்தது தவறு என்றே நான் நினைக்கிறேன். அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். “இருநூறு பேர் கையைத் தூக்கிட்டாங்க இல்ல, அப்புறம் என்ன?” என்பார். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது: எண்ணிக்கை நடந்தது சபைக்குள், எல்லோர் கண்ணெதிரே. 1994இல், கர்நாடக முதல்வராக இருந்த எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னதும் இதைத்தான். ஓர் அமைச்சரவைக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்பதைத் தீர்மானிக்க வேண்டிய இடம் சபை. ராஜ்பவன் வரவேற்பறை இல்லை.

சபையில் உறுப்பினராகவே இல்லாத ஒருவர் முதல்வராகலாமா என்று கேட்பவர்களுக்கு விதி ஆறு மாதம் தருகிறது. அதற்குள் ஏதாவது ஓர் அவைக்கு வந்துவிட வேண்டும். 1954இல் முதல்வரானபோது காமராஜர் நாடாளுமன்ற உறுப்பினர். குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று சட்டசபைக்கு வந்தார். 1967இல் அண்ணாவும் தென்சென்னையிலிருந்து மக்களவைக்குத் தேர்வானவர்தான். அவர் மேலவை வழியாக வந்தார். பிற்பாடு பஞ்சாபில் ஓர் அமைச்சர் ஆறு மாதம் முடிந்ததும் விலகி, தேர்தலில் நிற்காமலே இன்னொரு ஆறு மாதத்துக்குத் திரும்பி வந்தார். அது செல்லாது என்று 2001இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடியது.

பதவியேற்பைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு அமைச்சரும் இரண்டு உறுதிமொழி எடுக்கிறார், ஒன்று பதவிக்கு, மற்றது ரகசியக் காப்புக்கு. வாசகங்கள் சாசனத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கின்றன. அதில் ‘அமைச்சர்’ என்ற சொல்தான் உண்டு. பிரதமர் எடுத்துக்கொள்வதும் அமைச்சருக்கான உறுதிமொழியையே. 1989 டிசம்பரில் பிரதமர் வி.பி. சிங்கோடு துணைப் பிரதமராகப் பதவியேற்க வந்த தேவிலாலுக்கு இது போதவில்லை. குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன், நம் பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்துக்காரர், காமராஜர் காலத்துச் சென்னை அமைச்சர். அவர் ‘மந்திரி’ என்று எடுத்துக் கொடுக்கிறார். தேவிலால் ‘உப பிரதான் மந்திரி’ என்கிறார். வெங்கட்ராமன் திருத்துகிறார், தேவிலால் மறுபடியும் அதையே சொல்கிறார். நாடே பார்த்துக்கொண்டிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. துணைப் பிரதமர் என்பது வெறும் வர்ணனை, சட்டப்படி அவரும் மற்றவர்களைப் போல ஓர் அமைச்சர்தான், ஆகவே பிரமாணம் செல்லும் என்று முடித்துவைத்தார்கள்.

இப்போது எத்தனை அமைச்சர்கள் இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. 2003இல் வந்த 91ஆவது திருத்தத்தின்படி சபை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதம். 234 பேர் கொண்ட தமிழகத்துக்கு முதல்வரையும் சேர்த்து 35. அதற்கு முன்பு சில மாநிலங்களில் ஆதரவு தந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கொடிக் கார் என்கிற அளவுக்குப் போயிருந்தது. காமராஜரின் முதல் அமைச்சரவையில் அவரையும் சேர்த்து எட்டே பேர். சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியமும், சுப்பிரமணியத்தை முன்மொழிந்த பக்தவத்சலமும் அந்த எட்டுக்குள் இருந்தார்கள்.

இதைப் பெருந்தன்மை என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சாமர்த்தியமும் தெரிகிறது. அமைச்சரவைக்குள் வந்துவிட்டவர் வெளியே போய் எதிர்த்துப் பேச முடியாது. 75ஆவது பிரிவும் 164ஆவது பிரிவும் அமைச்சர்கள் சபைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கின்றன. அறைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். கதவைத் திறந்து வெளியே வந்தால் எல்லோருக்கும் ஒரே வாய். ஒத்துக்கொள்ள முடியாவிட்டால் ராஜினாமா. அந்த அறைக்குள் பொதுவாக ஓட்டெடுப்பு கிடையாது. பேச்சு முடிந்ததும் தலைமையில் இருப்பவர் ‘சரி, அப்படியானால்...’ என்று தொகுத்துச் சொல்வதுதான் முடிவு. என்ன ஆலோசனை சொன்னார்கள் என்று நீதிமன்றமும் கேட்க முடியாது.

தனி ஆளாகப் பொறுப்பேற்பது இன்னொரு விஷயம், அது வழக்கத்தில் மட்டும் இருப்பது. 1956 நவம்பரில் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி தண்டவாளம் போட்டவர் இல்லை, ரயிலை ஓட்டியவர் இல்லை; ராஜினாமா செய்தார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதும் செய்தார். அப்போது நேரு ஏற்கவில்லை, இந்த முறை ஏற்றுக்கொண்டார். 1958இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் கதை வேறு. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்பவரின் கம்பெனிகளில் போய் விழுந்ததைக் கிளப்பியவர், ஆளுங்கட்சி வரிசையிலேயே உட்கார்ந்திருந்த பெரோஸ் காந்தி. அமைச்சர், செயலாளர் பக்கம் கையைக் காட்டினார். விசாரித்த நீதிபதி சாக்ளா அதை ஏற்கவில்லை: செயலாளர் செய்ததற்கு அமைச்சர்தான் பொறுப்பு. அரசாணையின் அடியில் செயலாளர் பெயர் இருந்தாலும் சபையில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் அமைச்சர். டி.டி.கே. பதவி விலகினார்.

இவ்வளவு நேரம் ‘அமைச்சரவை’ என்று எழுதிக்கொண்டே வருகிறேன். தமிழில் அந்த ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் போதும். ஆங்கிலத்தில் இரண்டு உண்டு: இணை அமைச்சர், துணை அமைச்சர் என்று எல்லோரும் சேர்ந்த பெரிய கூட்டம் ஒன்று, அதற்குள் மூத்தவர்கள் மட்டும் கூடி முடிவெடுக்கும் ‘கேபினட்’ ஒன்று. 1950இல் நடைமுறைக்கு வந்த சாசனத்தில் முதலாவதுதான் இருந்தது. நாட்டை ஆள்கிற அந்தச் சின்ன அறைக்குச் சாசனத்தில் பெயரே கிடையாது. எல்லோருக்கும் தெரிந்ததுதானே, எதற்கு எழுத வேண்டும் என்று விட்டிருக்க வேண்டும்.

1975 ஜூன் 25ஆம் தேதி இரவு, பிரதமர் இந்திரா காந்தி குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். உள்நாட்டுக் குழப்பத்தால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து; நெருக்கடி நிலையை இன்றிரவே பிரகடனம் செய்ய வேண்டும்; கேபினட்டைக் கூட்டியிருப்பேன், ஆனால் இந்த இரவில் அது முடியாது; அலுவல் விதிகளின் 12ஆவது விதிப்படி எனக்குள்ள அதிகாரத்தைக் கொண்டு விதிவிலக்கு அளித்துக்கொள்கிறேன்; நாளை காலை முதல் வேலையாக அமைச்சர்களிடம் சொல்லிவிடுகிறேன். சாரம் இவ்வளவுதான். குடியரசுத் தலைவர் அன்றிரவே கையெழுத்திட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கேபினட் கூடியபோது தலைவர்கள் பலர் ஏற்கெனவே கைதாகியிருந்தார்கள். அந்த அறைக்கு மிச்சமிருந்த வேலை, நடந்துவிட்டதற்குத் தலையாட்டுவது. ஆட்டினார்கள்.

விதியை மீறிவிட்டார்கள் என்று இதைச் சொல்லவும் முடியவில்லை, அதுதான் கொடுமை. 12ஆவது விதி அவசரத்துக்காக வைத்த சின்னச் சந்து. அதன் வழியாக ஒரு லாரியே போய்விட்டது. (அந்தச் சந்து இன்றும் திறந்துதான் இருக்கிறது. 2019 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் விடியற்காலையில் குடியரசுத் தலைவர் ஆட்சியை விலக்கியபோது இதே விதியைத்தான் எடுத்தார்கள்.)

ஜனதா ஆட்சி வந்தது. 1978இல் 44ஆவது திருத்தம். நெருக்கடி நிலை வேண்டுமென்றால் கேபினட் முடிவெடுத்து அதை எழுத்தில் தர வேண்டும், அப்போதுதான் குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்யலாம் என்று 352ஆவது பிரிவில் சேர்த்தார்கள். ‘கேபினட்’ என்ற சொல் சாசனத்துக்குள் வந்தது அன்றுதான். கேபினட் என்றால் யார் என்று விளக்க வேண்டியிருந்தது. அதை ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டார்கள். கேபினட் இல்லாமல் காரியம் நடந்துவிட்ட பிறகுதான் அதற்கு ஒரு பெயரும் அடைப்புக்குறியும் கிடைத்தன. வேறு எந்தப் பிரிவிலும் அந்தச் சொல் இல்லை.

ஆனால் எத்தனை விதி எழுதினாலும் இந்த ஆட்சிமுறை கடைசியில் வந்து நிற்பது தலையெண்ணிக்கையில்தான். 1999 ஏப்ரல் 17ஆம் தேதி அதை எங்கள் அலுவலகத்தில் ரேடியோவைச் சுற்றி நின்று கேட்டோம். அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால் வாஜ்பாய் நம்பிக்கை கோரினார். ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரிசா முதல்வராகிவிட்ட கிரிதர் கமாங் எம்.பி. பதவியை விடாமல் வைத்திருந்து, டெல்லிக்கு வந்து எதிர்த்து ஓட்டுப் போட்டது அந்த 270இல் ஒன்று. அணுகுண்டு சோதனை நடத்திய அரசு ஒரே ஒரு ஓட்டில் எழுந்து போயிற்று. போனது என்றாலும் அன்றைக்கே நாற்காலி காலியாகவில்லை. அடுத்த அரசு வரும்வரை அவர்தான் பிரதமர், அதுவும் வழக்கம்.

அப்பாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. போன பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது அவருடைய தகரப் பெட்டியில் பழைய அரசாணை நகல்கள் கிடைத்தன. அதில் இரண்டு அகவிலைப்படி ஆணைகளைத் தனியே எடுத்துவைத்தேன். ஒன்று 1987ஆம் ஆண்டு, மற்றது 1988.

இரண்டுக்கும் நடுவே நடந்தது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1987 டிசம்பர் 24ஆம் தேதி எம்.ஜி.ஆர். இறந்தார். நெடுஞ்செழியன் இடைக்கால முதல்வர். கட்சி இரண்டாகப் பிளந்தது. ஆளுநர் குரானா ஜானகி அம்மாளைக் கூப்பிட்டார். ஜனவரி 7ஆம் தேதி பதவியேற்றார். 28ஆம் தேதி சட்டசபையில் நம்பிக்கை வாக்கெடுப்பு. எம்.எல்.ஏ.க்கள் அடித்துக்கொண்டார்கள், போலீஸ் சபைக்குள்ளேயே புகுந்தது. அன்று அப்பா இரவு வெகுநேரம் கழித்து வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டார். 30ஆம் தேதி அரசைக் கலைத்தார்கள். அதிலிருந்து 1989 ஜனவரி கடைசி வரை, ஏறக்குறைய ஓராண்டு, குடியரசுத் தலைவர் ஆட்சி. அமைச்சர்கள் இல்லை, சட்டசபை இல்லை. பிப்ரவரியில் வந்த புதிய ஆளுநர் பி.சி. அலெக்சாண்டர், ஆலோசகர்களை வைத்துக்கொண்டு தானே நிர்வாகத்தைப் பார்த்தார்.

1987 காகிதத்தில் ‘பை ஆர்டர் ஆஃப் தி கவர்னர்’ என்று இருந்தது. ஆனால் ஆணை ஆளுநருடையது இல்லை. 1988 காகிதத்திலும் அதே வரி, அதே அடைப்புக்குறி, அதே பெரிய எழுத்து. அந்த வருஷம் மட்டும் அது சொன்னது சொன்னபடி உண்மை. காகிதத்தைப் பார்த்து யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டையும் அப்பாவிடம் நீட்டி இதைச் சொன்னேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

“எத்தனை பர்சென்ட் போட்டிருக்கு?” என்றார்.